ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு போசித் தண்ணீர்: வளரும் பருவ நாவலில் ஒட்டுதலை எழுதும் முறை

பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று வேற்று வீட்டில் போய் இருந்து, மெல்ல மெல்ல அங்கே ஒட்டிக்கொள்ளும் கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவில் நெருக்கம் வந்துவிட்டதை யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். "நீயும் எனக்குப் பேத்தி மாதிரிதான்" என்று ஒரு வரி. கதை அங்கேயே முடிந்துபோகிறது, மிச்ச நூறு பக்கமும் சும்மா ஓடுகிறது. நம் வீடுகளில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? சாப்பிடும் நேரத்தில் தட்டு ஒன்று கூடுதலாக வந்து விழும், அவ்வளவுதான். அந்தத் தட்டைக் கதைக்குள் கொண்டுவர என்ன செய்ய வேண்டும், எங்கே கெட்டுப்போகும் என்பதைச் சேலத்தை வைத்தே பார்க்கலாம்.

பேச்சுக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். வருடம் 1998. பதிமூன்று வயதுப் பெண். அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பெண்ணைச் சேலம் பொன்னம்மாப்பேட்டையில் பெரியம்மா வீட்டில் விட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். பெரியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அடுத்த வீட்டில் குழித்தறி போட்டு வெண்பட்டு வேட்டி நெய்யும் ஒரு தாத்தா இருக்கிறார். இந்த இருவரும்தான் நாவல்.

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

ஆட்களின் குணத்தை யோசிப்பதற்கு முன்னால், இருவரும் சேர்ந்து என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். பேசாத நெருக்கம் கை வேலைக்குள்தான் வளரும். சும்மா எதிரெதிரே உட்காரவைத்தால் அவர்கள் பேசித்தான் ஆக வேண்டும், பேசினால் தத்துவம் வந்துவிடும். வேலையில் இருவர் கையும் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண் வேலையில் இருக்க வேண்டும், முகத்தில் இருக்கக் கூடாது. ஒருவர் தப்பு செய்தால் இன்னொருவர் வேலை நிற்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் இல்லாத வேலையை எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவது அழகாக இருக்கும். ஆனால் ஒருவர் பூச்சரம் அறுந்தால் மற்றவருக்கு ஒன்றும் ஆகாது.

தறியில் இது தானாக அமைகிறது. நெய்கிறவருக்குத் தார் சுற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சிட்டத்திலிருந்து, அதாவது நூல் கற்றையிலிருந்து, நூலை ராட்டையில் சின்னத் தார்க்குச்சிக்கு மாற்றுவதுதான் வேலை; நூல் சுற்றிய குச்சிதான் தார். இளக்கமாகச் சுற்றினால், தாரைச் சுமந்து தறியின் குறுக்கே போய்வரும் நாடா ஓடும்போது இழை கொத்தாக நழுவி விழும். குண்டாகச் சுற்றினால் நாடாவுக்குள் உரசி இழை அறும். இரண்டில் எது நடந்தாலும் தறிச் சத்தம் நிற்கும். ராட்டையில் இருக்கிற பெண் தலையைத் திருப்பாமலே தன் தப்பைக் காதால் தெரிந்துகொள்கிறாள். திட்டு தேவையில்லை. எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

ஏற்காட்டில் கதையை வைக்கிறவர்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து சில நாளில் செடி முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகை மாதிரி வாசம் வரும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை, அதனால் அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பச்சைக் காய் கலந்தால் பேச்சு கேட்க வேண்டியிருக்கும். எட்டாத கிளையை ஒருவர் வளைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பறிக்கலாம். சாயங்காலம் எடை போடுவதற்கு முன்னால் ஒரு கிழவி தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளிப் பிள்ளையின் பையில் போட்டுவிட்டு நடந்தால் போதும். ஓர் அத்தியாயம் எழுந்து நிற்கும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையை மட்டும் யோசித்து எடுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில்தான், எழுதவும் வளமானது. ஆனால் நெருப்பும் அமிலமும் புழங்குகிற இடத்தில் பிள்ளையை உட்காரவைத்தால் வாசகர் மனசு முழுக்க ஆபத்திலேயே இருக்கும். அமைதியாக வளர வேண்டிய ஒன்றுக்கு அது இடம் கொடுக்காது.

கதையை இன்றைய நாளில் வைப்பதானால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் உதவுவதற்கு விலக்கு உண்டு. பக்கத்து வீட்டில் கூலிக்குத் தார் சுற்றும் பெண் அந்த விலக்குக்குள் வரமாட்டாள். கூலி எதுவும் வேண்டாம், பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் உட்காருகிறாள் என்று வைத்தால் கதைக்கும் அதுதான் நல்லது. காசு வாங்கினால் அவள் வேலைக்காரி. வாங்காவிட்டால், ஏன் தினமும் வருகிறாள் என்ற கேள்வி நாவல் முழுக்க உயிரோடு இருக்கும்.

வீட்டில் ஆள் இருக்கட்டும், தெருக்கதவு திறந்திருக்கட்டும். சொந்தமில்லாத பெரியவரும் சின்னப் பெண்ணும் மூடிய அறையில் என்றால் இன்றைய வாசகர் பதறுவார். அந்தப் பதற்றம் நியாயமானது. திண்ணையில் தாத்தாவின் மருமகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் அது தீர்ந்துவிடும்.

கூப்பிடும் சொல்லில்தான் கதை நகர்கிறது

தமிழில் இந்த வகை நாவல் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய சொத்து, ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. நமக்கு மரியாதை தூரத்தைக் காட்டும், மரியாதை குறைவது நெருக்கத்தைக் காட்டும். புதிதாக வந்த பிள்ளை முதலில் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாது. கவனித்துப் பாருங்கள், பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமும், அல்லது அவர் திரும்பும்வரை காத்திருக்கும். முதல் நான்கு அத்தியாயம் அவள் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடக் கூடாது. பிறகு "ஏனுங்க". அதற்கும் பிறகு "தாத்தா". அந்தத் "தாத்தா" வரும் இடத்தில் நிற்காதீர்கள். இழை அறுந்த பதற்றத்தில் வாய்தவறி வரட்டும், கதை அதைத் தாண்டிப் போய்விடட்டும்.

அவர் பக்கத்திலும் படிகள் உண்டு. "யாரு வூட்டுப் புள்ள?" என்பது முதல் நாள். பிறகு "பாப்பா", பிறகு "கண்ணு". எங்கள் பக்கத்தில் "கண்ணு" கடைக்காரர் வாயிலும் வரும், கண்டக்டர் வாயிலும் வரும். அதனால் அதை உச்சமாக வைக்க முடியாது. "ஏ புள்ள, அக்கட்டால நகரு" என்று அதட்டுவதுதான் அதற்கு மேல்படி. சொந்தப் பிள்ளையைத்தான் அப்படி அதட்டுவார்கள்.

இதைவிட நுணுக்கமான ஒன்று சேலத்தில் இருக்கிறது. இங்கே பல தறி வீடுகளில் வீட்டுப் பேச்சு தமிழ் இல்லை. கன்னடமோ தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுவார்கள், வெளியாள் வந்தால் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். மாறுவது மரியாதைதான். ஆனால் நீ வெளியாள் என்று சொல்வதும் அதுவே. தாத்தாவைக் கன்னடம் பேசும் வீட்டுக்காரராக வைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் அவளிடம் "வா" என்கிறார். ஒரு நாள் சாயங்காலம், நாடாவில் கண்ணை வைத்தபடி "பா" என்கிறார். பேத்தியைக் கூப்பிடுகிற அதே சொல். அவள் எழுந்து போகிறாள். மாறியது ஒரே ஓர் எழுத்து. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். இந்த இடத்தில் அவள் மனசுக்குள் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். அவள் தாரை நீட்டுவதோடு அத்தியாயத்தை முடித்துவிடுங்கள்.

இப்படி ஒரு வீட்டு மொழியை எடுத்தால், அதைப் பேசுகிறவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். நாவல் முழுக்க ஏழெட்டுச் சொல் போதும். புத்தகக் கன்னடத்தைத் தூக்கிப் போட்டால் அந்த வீட்டார் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எவ்வளவு எழுதுவது

மொத்தம் 50,000 முதல் 55,000 சொல், 30 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,700 முதல் 1,800. இதில் அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் காட்சிகள் பத்து அல்லது பதினொன்று, ஒவ்வொன்றும் 800 முதல் 1,200 சொல். ஆக, நாவலில் ஐந்தில் ஒரு பங்குதான் இவர்கள். மிச்சமெல்லாம் பள்ளிக்கூடம், பெரியம்மா வீடு, ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓட ஓட அம்மாவோடு பேசும் பேச்சு. நெருக்கக் காட்சிகளைக் கூட்டினால் அவற்றின் மதிப்பு இறங்கும். கதைப்படி அவள் தினமும் தறிக்குப் போகலாம், வாசகர் பதினொரு நாள்தான் கூடப் போக வேண்டும். தாத்தாவை மூன்றாம் அத்தியாயத்துக்கு முன்னால் கொண்டுவராதீர்கள். அவர் தறிச் சத்தம் மட்டும் முதல் அத்தியாயத்திலிருந்தே சுவரைத் தாண்டிக் கேட்கலாம். விசைத்தறி என்றால் அது ஓயாத இரைச்சல். கைத்தறிக்கு மூச்சு உண்டு, நடுவில் நின்று நின்று ஓடும். அந்த நிற்றலைத்தான் அவள் பின்னால் புரிந்துகொள்ளப் போகிறாள்.

ஒவ்வொரு நெருக்கக் காட்சியிலும் இருவர் பேச்சும் சேர்த்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். அதிலும் பாதிக்கு மேல் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்.

காலத்துக்கு ஒரு ஜூன் மாதம் பள்ளி திறப்பில் தொடங்கி அடுத்த ஆண்டு தீபாவளி வரை போங்கள். அப்படிப் போனால் ஆடி இரண்டு முறை வரும். முதல் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் அவள் யாரையும் தெரியாமல் நிற்கிறாள். இரண்டாவது ஆடியை முறிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வருவோம். நடுவில் வருகிற மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தாத்தா வீட்டார் ஏற்காடு போகும்போது அவளையும் கூட்டிப்போகலாம். மலைப்பாதையில் எண் பலகையோடு 20 கொண்டை ஊசி வளைவு. இருபதையும் வர்ணிக்கக் கை துடிக்கும். மூன்று போதும்: குமட்டல் தொடங்கும் வளைவு, தாத்தா மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நகத்தால் கீறி அவள் கையில் வைக்கும் வளைவு, அவள் தூங்கிப்போன வளைவு. சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் குகை போன்ற அந்தக் கோயிலைப் பற்றித் தல வரலாறு எழுத வேண்டாம். அவள் முன்னால் நிற்கும் முதுகைப் பார்த்து நிற்பதை எழுதுங்கள்.

ஒரு காட்சி எப்படி அமையும்

வெண்பட்டு என்பதால் கறைதான் பெரிய பயம். முதலாளி நூலை நிறுத்துக் கொடுத்து, வேட்டியை நிறுத்து வாங்குகிற வீடு அது. குறைந்தால் கூலியில் பிடிப்பு. பெண் பள்ளி விட்டு வரும்போது தட்டுவடை செட் வாங்கித் தின்றுவிட்டு வருகிறாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், சட்னி. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ராட்டையில் உட்காருகிறாள். நாலாவது தாரில் இளஞ்சிவப்பாக ஏதோ ஓடுகிறது. தறி நிற்கிறது. அவர் அந்தத் தாரை எடுத்துப் பார்க்கிறார், கறை பட்ட நீளத்தை உருவி வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மிச்சத்தை நாடாவில் மாட்டுகிறார்.

புதிதாக எழுதுகிறவர் இதற்கு அடுத்தபடியாக அவரைப் பேசவைப்பார். "பரவாயில்லம்மா, பட்டு போனா வாங்கிக்கலாம், மனசு போனா வாங்க முடியுமா?" என்பார் தாத்தா. பெண் அழுவாள். கறை, கூலிப் பிடிப்பு, இத்தனையும் சேர்த்து வைத்த பாரத்தை இந்த ஒரு வசனம் இறக்கி வைத்துவிடும். அவரைப் பேசாமல் விட்டு, அடுத்த நாளுக்குப் போங்கள்:

மறுநாள் ராட்டைக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியப் போசி இருந்தது. பாதித் தண்ணீர். விளிம்பில் பழைய வேட்டித் துண்டு ஒன்று நாலாக மடித்துத் தொங்கியது. தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. அவள் கையை நனைத்தாள். விரல் இடுக்கில் நேற்றைய சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். துடைத்துவிட்டுச் சிட்டத்தை எடுத்தபோது, மிதியில் இருந்த கால் ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

அதோடு விடுங்கள். அந்தப் போசியை மறந்துவிடவும் கூடாது. இனி வரும் ஒவ்வொரு தறிக் காட்சியிலும் அது அங்கேயே இருக்கும், ஒரு முறை அரை வரியில் தட்டுப்பட்டால் போதும். பின்னால் அது இல்லாமல் போகும் ஒரு நாளை நீங்கள் எழுதும்போது வாசகருக்கு நெஞ்சில் இடிக்கும்.

முறிவு

முறிவு பிள்ளையின் தப்பாக இருக்க வேண்டும். பெரியவர் செத்துப்போவது, ஊரார் பழி சொல்வது, பெரியம்மா தடுப்பது எல்லாம் வெளியிலிருந்து வருபவை. அவற்றால் பிள்ளை வளராது. சாவு வேண்டவே வேண்டாம். இந்த வகைக் கையெழுத்துப் பிரதிகள் கடைசி முப்பது பக்கத்தில் பெரியவரைக் கொன்றுவிட்டு எழவு வீட்டு அழுகையில் முடிவதை அலுக்க அலுக்கப் பார்க்கலாம். நெருக்கத்தை எழுதத் தெரியாதபோதுதான் சாவு தேவைப்படுகிறது.

22ஆம் அத்தியாயம். இரண்டாவது ஆடி. சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, சாமி வேடம் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஜோடித்த வண்டிகள் வருகின்றன. பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பள்ளித் தோழிகளோடு நிற்கிறாள். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்து தாத்தா அவளைப் பார்த்துக் கையசைத்து "பா, பா" என்கிறார். தோளில் அழுக்குத் துண்டு. தோழி கேட்கிறாள், யாருடி அது. "யாரோ" என்கிறாள் இவள். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று சொல்லாதீர்கள். அடுத்த நாள் தறி வீட்டில் அவர் "வாம்மா" என்கிறார். தமிழில். மரியாதையோடு.

சரியாக்குவதற்குக் குறைந்தது மூன்று காட்சி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவள் வராமல் இருக்கிறாள். பிறகு வந்து வாசலோடு போகிறாள். மூன்றாவதற்குப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) பிணைக்கும் நாளை வைக்கலாம். பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய நுனியோடு புது நுனியாக ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே ஆக வேண்டிய வேலை, கண் நோகும், முதுகு பிடிக்கும். அவள் பள்ளிக்கூடம் லீவு நாளில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். மன்னிப்பு கேட்கவில்லை. மத்தியானம் மருமகள் இரண்டு தட்டு கொண்டுவருகிறாள். இழைகளைச் சேர்ப்பதும் மனசு சேர்வதும் ஒன்று என்று கதைசொல்லி காதில் ஓத வேண்டாம், வாசகர் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

"பா" திரும்ப வருகிறதா? வரலாம், வராமலும் இருக்கலாம். வராமல், அவள் "பந்தே" என்று அவர் மொழியில் "வந்துட்டேன்" சொல்வதாக வைத்தால் இன்னும் பலம். இத்தனை நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள் முதல் தடவையாக வாய் திறக்கிறாள்.

திருத்தும்போது

கணினியில் முழுப் பிரதியையும் திறந்து தேடு பெட்டியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள்: அன்பு, பாசம், அரவணைப்பு, ஏக்கம், தனிமை, "இனம்புரியாத". கதை சொல்லும் குரலில் வருவதை எல்லாம் வெட்டிவிடுங்கள். பாத்திரங்கள் வாயில் வருவதை விட்டுவைக்கலாம், அம்மா போனில் "பாசமா இருக்காங்களா?" என்று கேட்கத்தான் செய்வாள். "கண்கள் கலங்கின" மொத்த நாவலுக்கும் ஒரு முறை. "மௌனம்" என்ற சொல்லையும் தேடுங்கள். அமைதியைக் காட்ட அந்தச் சொல் உதவாது. ஈ பறக்கும் சத்தமோ, தண்ணீர்க் குழாயில் அடுத்த தெருப் பெண்கள் குடத்துக்குச் சண்டை போடும் சத்தமோ உள்ளே கேட்டால்தான் இங்கே யாரும் பேசவில்லை என்று தெரியும்.

பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையும் விரலால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். அத்தியாயம் நிற்கிறதென்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். முப்பதில் பதினைந்தாவது போகும்.

தாத்தாவுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அவளைத் தேற்றுவதற்காகவே பிறந்தவர் மாதிரி இருந்தால் அவர் ஆள் இல்லை, ஆறுதல் பொம்மை. மகன் விசைத்தறிக்குப் போகலாம் என்று நச்சரிக்கட்டும். அவர் கண் மங்கி, அறுந்த இழை தெரியாமல் போகட்டும். அவள் தேவைப்படுகிறாள் என்பது அவருக்கே தெரிந்தால்தான், அந்த வீட்டில் அவளுக்கு ஓர் இடம் உண்டாகும்.

கடைசியாக மூன்று பேருக்குக் கொடுங்கள். ஒருவர் தறி தெரிந்தவராக இருக்க வேண்டும், தார், பாவு, நாடா பற்றி எழுதியதை அவர் பார்க்கட்டும். இன்னொருவர் அந்த வயதுப் பிள்ளை. மூன்றாமவர் யாராக இருந்தாலும் சரி. பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள். ஒரே கேள்வி: "இந்தப் பொண்ணு எந்தப் பக்கத்துல அந்த வீட்டுப் பொண்ணு ஆனா?" மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பக்கத்தைக் காட்டினால் நல்லது, கை வைக்க வேண்டாம். மூன்று பேரும் ஒரே வசனத்தைக் காட்டினால், அந்த வசனத்தை வெட்டிவிட்டு வேறு மூன்று பேரிடம் கொடுங்கள்.